காலுக்கு உள்ளூர், மூளைக்கு வெளியூரா?

ஜூன் 10ஆம் திகதி கொழும்பில் இலங்கை உதைபந்தாட்ட அணி சீன தாய்ப்பேயை 3-1 எண்டு வெண்டது. 2027 ஆசியக் கிண்ணத்துக்கான தகுதிகாண் ஆட்டம். திருநெல்வேலியில எங்கட போர்டிங் அறைக்குள்ள ஆறு பேர், ஒரு போனைத் தண்ணிப்போத்திலில சாத்தி வைச்சுப் பார்த்தம். கிளிநொச்சியான் மூண்டு பேர், முல்லைத்தீவான் ரெண்டு பேர், வவுனியாவான் ஒருத்தன். மூண்டாவது கோலுக்குப் பக்கத்து அறைக்காரன் வந்து கதவில தட்டினான். அடுத்த நாள் அவனுக்குப் பரீட்சை.

ஆட்டம் முடிஞ்சு பத்து நிமிசத்தில சண்டை தொடங்கீற்று. "வெண்டது இலங்கையோ, ஜேர்மனியோ?" எண்டு ஒருத்தன் கேட்டான். இன்னொருத்தன் "உனக்கு எது நடந்தாலும் குறை" எண்டான். விடிய ஒரு மணி வரைக்கும் கதைச்சம். அதுக்குப் பிறகு ரெண்டு கிழமையாக் கன்ரீனிலயும், ஏ9 பஸ்ஸிலயும், ஊருக்குப் போனால் மைதானத்து வேப்பமரத்தடியிலயும் அதே கதைதான். அந்தச் சண்டையில எங்கட பக்கத்தை ஒருக்கா ஒழுங்கா எழுதிப்போட வேணும் எண்டு நினைச்சம். 'நாங்கள்' எண்டு எழுதினாலும் ஆறு பேரும் இதுக்கு முழுசா உடன்பாடில்லை. ஒருத்தன் இப்பவும் முகத்தைத் திருப்பிக்கொண்டு இருக்கிறான்.

முதலில் பயிற்றுநருக்குக் குடுக்க வேண்டிய மரியாதையைக் குடுத்துவிடுவம். அப்துல்லா அல்முதைரி குவைத் நாட்டவர். இஞ்ச வர முன்னம் நேபாளத்தைப் பயிற்றுவித்தவர். 2021இல் தெற்காசியக் கிண்ணத்தில் நேபாளத்தை முதல் தடவையாக இறுதிப்போட்டிக்குக் கொண்டுபோனவர். மாலேயில் நடந்த அந்த இறுதிப்போட்டியில் இந்தியா 3-0 என வெண்டது வேற கதை. அவர் இலங்கைக்கு வந்த 2024இல் எங்கட அணி எப்பிடிக் கிடந்தது? உலகத் தரவரிசையில் 200க்குக் கீழே. அதுக்கு முந்தின வருசம் 2023 ஜனவரியில ஃபீபா நாட்டையே இடைநிறுத்தி, ஓகஸ்டில தான் தடையை எடுத்தது. வெளியில நிண்டுபோட்டுத் திரும்பி வந்த அணி ஒக்டோபரில யேமனோட உலகக் கிண்ணத் தகுதிகாண் சுற்றில 3-0 எண்டு தோத்து, கொழும்பில 1-1 எண்டு சமன் செய்து, வெளியில போனது. அப்ப பயிற்றுநர் மான்செஸ்டர் சிற்றியின் பழைய தலைவர் அண்டி மொறிசன்.

அந்த அணியை வைச்சுத்தான் 2024 செப்டெம்பரில கம்போடியாவை வீழ்த்தினார்கள். கொழும்பில 0-0. புனோம் பென்னில 2-2. சுஜான் பெரேரா கோலுக்குள்ள நிற்க, பினால்டியில 4-2. 2025 மார்ச்சில பாங்கொக்கில தாய்லாந்திடம் தோத்தது 1-0 தான். ஒரு காலத்தில ஐஞ்சு, ஆறு எண்டு வாங்கின இடங்களில ஒண்டோட திரும்பி வாறது சின்ன விசயம் இல்லை. இதை மறுக்கிறவனோட நாங்கள் கதைக்கத் தயாரில்லை.

இவர் செய்யிற வேலை என்ன மாதிரி எண்டால், நாங்கள் பார்த்த அளவில, முதல் கணக்கு கோல் வாங்காமல் இருக்கிறது. பெரிய அணியோடை எண்டால் பின்னால அடுக்கி நிற்கிறது. இடைவெளியை அடைக்கிறது. பந்து கிடைச்சால் நடுவில மினக்கெடாமல் வேகமாக முன்னுக்குக் கொண்டுபோறது. அந்த ஒரு பந்தை யார் குடுக்கிறது, யார் வாங்கிறது எண்டதில தான் ஆள் தெரிவு வருது. அந்த இடங்களுக்கு அவர் வெளிநாட்டில பிறந்து, வெளிநாட்டு அக்கடமிகளில வளர்ந்த இலங்கை வம்சாவளிப் பெடியளைத் தேடித் தேடிக் கொண்டுவாறார். இலண்டனில பிறந்த டிலன் டி சில்வா, ஜேர்மனியில வளர்ந்த வசீம் ராசிக், அவுஸ்திரேலியாவின் ஜக் ஹிங்கட், ஒலிவர் கெலார்ட், டைனமோ டிறெஸ்டெனுக்கு விளையாடிய கிளோடியோ கமெர்னெக்ற். இதில சிலர் அவர் வர முன்னமே வந்தவை. ஆனால் இந்த வழியை அணியின் முதுகெலும்பாக்கினது இவர் காலத்தில தான்.

"வெளிநாட்டுக்காரனை வைச்சு வெல்லுறதும் ஒரு வெற்றியோ?" எண்டு கேட்கிற கூட்டம் தெற்கிலயும் இருக்கு, எங்கட பக்கமும் இருக்கு. அந்தக் கூட்டத்தோட எங்களைச் சேர்க்க வேண்டாம். வன்னியில இருந்துகொண்டு அந்தக் கேள்வியைக் கேட்கிறவனுக்குக் கொஞ்சம் வெக்கம் வேணும். சுவீடனில பிறந்த ஆதவன் ராஜமோகன் எண்ட பேரை அணிப் பட்டியலில வாசிக்கேக்க எங்கட அம்மாமார் என்ன கேட்டவை தெரியுமோ? "ஆற்றை பெடியன்? எந்த ஊர்?" எண்டுதான். எங்கட வீடுகளில சுவிசில ஒரு சித்தப்பா, பிரான்சில ஒரு மாமி, ஜேர்மனியில கண்டே இராத ரெண்டு மச்சான்மார் இல்லாத வீடு எது? அவை ஏன் அங்க பிறந்தவை எண்டு எங்களுக்குத் தெரியும். கப்பல் ஏறினவனின்ர பிள்ளையை வெளியாள் எண்டு சொல்லுற உரிமை, ஏறாமல் நிண்டவனின்ர பிள்ளைக்கு இல்லை. அந்தப் பிள்ளை சிங்கக் கொடியின் கீழ விளையாடலாமோ எண்டது வேற ஒரு பெரிய கதை. புலம்பெயர் பெடியள் சிலர் தமிழீழ அணி எண்டு 2014இல் சுவீடனிலயும் 2018இல் இலண்டனிலயும் கொனிஃபா உலகக் கிண்ணங்களில விளையாடினவை. அதைப் பற்றி எங்களுக்குள்ளயே மூண்டு நிலைப்பாடு. இந்தக் கட்டுரையில அதைத் தொடேல்லை.

எங்கட கோபம் வேற இடத்தில.

அமெரிக்கர் 'ஃபுட்போல்' எண்டு ஒண்டு விளையாடுறவை, காலால உதைக்கிறது குறைவு, தலைக்கவசம் போட்டுக்கொண்டு முட்டுறது கூட. அதில குவார்ட்டர்பேக் எண்டு ஒருத்தன். எல்லாப் பந்தும் முதலில அவனிட்டத் தான் போகும். யாருக்கு எறியிறது, எப்ப எறியிறது எண்டு அவன் தான் தீர்மானிப்பான். அங்க ஒரு தலைமைப் பயிற்றுநரின்ர தாக்குதல் தத்துவம் என்ன எண்டு கேட்டால், அவர் யாரைக் குவார்ட்டர்பேக்காப் போட்டிருக்கிறார் எண்டதுதான் பதில். எங்கட உதைபந்தில அப்பிடி ஒரு இடத்துக்குச் சட்டப்படி பேர் இல்லை. ஆனால் அந்த ஆள் இருக்கிறான். தடுப்பாட்டக்காரருக்கு முன்னால, நடுவட்டத்துக்குக் கொஞ்சம் பின்னால நிற்பான். முதுகில எதிரி நிற்கேக்கயும் "தா" எண்டு கை காட்டி வாங்குவான். வாங்க முன்னமே தலையைத் திருப்பி ரெண்டு தரம் பார்த்திருப்பான்.

அன்ட்ரியா பிர்லோவை எடுங்கோ. வேகம் இல்லை, உடம்பு பலமும் இல்லை. இன்ரர் மிலானுக்கு அவனை எங்க நிப்பாட்டுறது எண்டே தெரியேல்லை. 2001இல் பிறெஸ்ஸியாவுக்கு இரவலாகப் போன இடத்தில கார்லோ மற்சோனே எண்ட பயிற்றுநர் அவனை முன்னுக்கிருந்து பின்னுக்கு இழுத்து வைச்சார். பிறகு ஏசி மிலானில அன்செலோற்றி அதே இடத்தை அவனுக்கு நிரந்தரமாக்கினார். ஐஞ்சு வருசத்தில இத்தாலி உலகக் கிண்ணம் வெண்டது. நாப்பது வயதுக்காரன் நடக்கிற மாதிரி நடந்துகொண்டு அவன் பந்து போட்டதை யூரியூப்பில பாருங்கோ. அந்த ரெண்டு பயிற்றுநரும் ஒரு வேலை தான் செய்தவை. பிழை விடக்கூடிய இடத்தில அவனை நிப்பாட்டி, பிழை விட்டாலும் அடுத்த கிழமையும் அங்கயே நிப்பாட்டினவை.

எங்கட கேள்வி இதுதான். இலங்கை அணியில அந்த இடத்துக்கு, ஆட்டத்தைத் தீர்மானிக்கிற அந்த இடத்துக்கு, உள்நாட்டு லீக்கில விளையாடுற ஒரு இருபது வயதுப் பெடியனைப் போட்டு, அவன் பிழை விட்டாலும் பத்து ஆட்டம் வைச்சிருந்த பயிற்றுநர் யாராவது இருக்கிறாரோ? உள்ளூர்ப் பெடியனுக்குக் கிடைக்கிற வேலை என்ன? கரையால ஓடு. ஆளை மறி. விழுந்து எழும்பு. எழுபதாவது நிமிசத்தில களைச்சவனுக்குப் பதிலா இறங்கு. ஓடுற வேலைக்கு உள்ளூர், யோசிக்கிற வேலைக்கு வெளியூர். வேலைப் பிரிப்பு இப்பிடித்தான் போகுது. இதைக் கேட்டவுடன எங்கட அரசறிவியல் படிக்கிற நண்பன் ஒரு பெரிய சொல்லொண்டைத் தூக்கிக்கொண்டு வந்தான், அதை இஞ்ச விடேல்லை.

"உள்ளூரில ஆள் இல்லையே, இருந்தால் போடமாட்டாரோ?" எண்டு கேட்பீங்கள். நியாயமான கேள்வி. ஏன் இல்லை எண்டு பார்க்கிறதுக்குக் கொழும்புக்குப் போகத் தேவையில்லை. எங்கட ஊருக்கே போவம்.

இப்ப சோளகம். வைகாசி தொடங்கினால் கிளிநொச்சிப் பக்கம் பின்னேரத்தில மைதானத்தில நிற்க ஏலாது, கண்ணுக்குள்ள புழுதி. கிரவல் மண், அங்கங்க புல்லு, புல்லுக்குள்ள முள்ளு, கோல் வாசலுக்கு முன்னால மாரியில தண்ணி நிண்டு காய்ஞ்ச குழி. முல்லைத்தீவுக் கரையோரம் எண்டால் மணல், பந்து உருளாது. இந்தத் தரையில தாழ்வாகப் போட்ட பந்து எங்க போகும் எண்டு போட்டவனுக்கே தெரியாது. அதனால எங்கட ஊர் உதைபந்துக்கு எழுதாத சட்டம் ஒண்டு இருக்கு. நாணயச் சுழற்சியில வெண்டால் காத்துப் பக்கம் எடு. முதல் பாதியில காத்தோட தூக்கி அடி. ரெண்டாம் பாதியில பின்னால அடைச்சு நில். நல்ல உயரமானவன் முன்னுக்கு, நல்லா உதைக்கிறவன் பின்னுக்கு. நடுவில நிற்கிற ரெண்டு பேரும் வானத்தைப் பார்த்து ஓடுறதுதான் வேலை.

இதை மடத்தனம் எண்டு சொல்ல மாட்டம். அந்தத் தரையில, அந்தக் காத்தில, அது கணக்குத்தான். இதே கணக்கை இங்கிலாந்தில ஒருத்தர் புள்ளிவிபரமாகவே போட்டவர். சார்ள்ஸ் றீப் எண்டு விமானப்படையில கணக்குப் பார்த்தவர், 1950இலிருந்து மைதானத்தில கொப்பியும் பென்சிலுமாக இருந்து ஒவ்வொரு பாஸையும் குறிச்சார். பெரும்பாலான கோல்கள் மூண்டு அல்லது அதுக்குக் குறைஞ்ச பாஸில வருது, ஆனபடியால் மினக்கெடாமல் முன்னுக்கு அடியுங்கோ எண்டார். 1968இல் அது ஒரு புள்ளியியல் சஞ்சிகையிலயும் வந்தது. இங்கிலாந்தே அதைக் கன காலம் நம்பினது. பிறகு வந்தவை ஒரு சின்ன ஓட்டையைக் கண்டுபிடிச்சவை. ஆட்டத்தில நடக்கிற பந்துப் பரிமாற்றங்களில பெரும்பாலானவை மூண்டு பாஸுக்குள்ள முடியிறவைதானே, அப்ப கோலும் அதில கூட வாறது புதினமோ? ஒரு தொடருக்கு எத்தனை கோல் எண்டு பார்த்தால் நீண்ட தொடர்கள் மோசமில்லை. கணக்கு சரி, முடிவு பிழை. எங்கட ஊர் மைதானத்துக் கணக்கும் அதுதான். இண்டைக்கு வெல்லுறதுக்குச் சரி. பத்து வருசத்தில ஒரு ஆட்டக்காரனை உருவாக்கிறதுக்குப் பிழை.

எங்களோட படிச்ச ஒருத்தன். அவன்ர பேரும் வேண்டாம், பள்ளிக்கூடத்தின்ர பேரும் வேண்டாம். மெல்லிசான பெடியன். பந்து காலில ஒட்டிக்கொண்டிருக்கும். மற்றவை எல்லாரும் பந்தைப் பார்க்க, அவன் ஆக்களைப் பார்ப்பான். பதினாறு வயதுக்குட்பட்ட வலயமட்டப் போட்டி. முதல் இருபது நிமிசமும் எங்கட பக்கம் தான் ஆட்டம், அவனால. பிறகு ஒரு தரம் நடுவில ஒருத்தனை வெட்டப்போய் பந்தை விட்டுட்டான், அது போய்க் கோல். பயிற்றுநர் அப்பவே கையைக் காட்டி வெளியில எடுத்தார். "நடுவில வைச்சு விளையாடாத எண்டு எத்தனை தரம் சொன்னனான்" எண்டு எல்லாருக்கும் கேட்கச் சொன்னார். அவன் சப்பாத்தைக் கழட்டிப்போட்டு கோல் கம்பத்துக்குப் பின்னால போய்க் குந்தியிருந்தான். அந்த சப்பாத்தும் இரவல். அடுத்த போட்டியில அவனைக் கரைக்கு மாத்தினார்கள். அதுக்கு அடுத்ததில பெயரில்லை. இப்ப கொழும்பில ரைல்ஸ் வேலை. தீபாவளிக்கு, கோயில் திருவிழாவுக்கு வரேக்க கழகத்துக்கு விளையாடுவான். இப்ப அவனும் தூக்கித்தான் அடிக்கிறான். அதைப் பார்க்கத்தான் எங்களுக்குத் தாங்கேலாமல் கிடக்கு.

அந்த ஆசிரியரைத் திட்டுறதுக்கு இதை எழுதேல்லை. அவருக்கு ரெண்டு பந்து, நாலு விளையாட்டு, அறுபது பெடியள். மாகாண மட்டத்துக்குப் போனால் தான் அதிபர் அடுத்த வருசமும் பந்து வாங்கக் காசு விடுவார். மாகாண மட்டச் சான்றிதழ் ஒண்டு கிடைச்சால் ஒரு பெடியனுக்கு வேலை எடுக்கேக்க உதவும். தோத்தால் ஒண்டும் இல்லை. அவர் அந்தப் பெடியனை எடுத்தது கெட்ட மனசில இல்லை. அவருக்குக் கிடைச்ச ஒரு மணித்தியாலத்தில அவர் போட்ட கணக்கு அது.

இஞ்சதான் தேசியப் பயிற்றுநரின்ர பொறுப்பு வருது. கிராமத்துப் பயிற்றுநர் கோல் வாங்காமல் தப்பப் பார்க்கிறார், ஏனெண்டால் அவருக்கு நாளை இல்லை. தேசியப் பயிற்றுநரும் அதே கணக்கைத்தான் போடுறார் எண்டால், அவருக்கும் எங்கட பி.டி. சேருக்கும் என்ன வித்தியாசம்? ஒரு வித்தியாசம் இருக்கு: பி.டி. சேருக்கு நடுவில ஆள் இல்லை எண்டால் இல்லைதான். இவருக்கு ஜேர்மனியில தேடலாம். தேடுறதில பிழை இல்லை. தேடிக் கிடைச்சதால இஞ்ச வளர்க்கிற தேவை போயிற்று எண்டு சங்கம் நினைக்கிறதுதான் பிழை. அணி வெண்டுகொண்டிருக்கும் மட்டும் அந்தக் கேள்வியை ஒருத்தரும் கேட்கவும் மாட்டினம்.

மேல நடக்கிறது கீழ வரும். இது எங்கட கண்ணால கண்டது. பாங்கொக் ஆட்டத்துக்குப் பிறகு ஊரில ஒரு கழகப் பயிற்சியில நிண்டம். "பார்த்தீங்களே, தேசிய அணியே பின்னால நிண்டுதான் விளையாடுது, உங்களுக்கு என்ன ஸ்ரைல் வேண்டிக்கிடக்கு" எண்டு ஒரு அண்ணை பெடியளுக்குச் சொன்னார். 2016இல் பெப் குவார்டியோலா மான்செஸ்டர் சிற்றிக்கு வந்த உடன ஜோ ஹார்ட்டை அனுப்பிப்போட்டு, காலால பந்து போடத் தெரிஞ்ச கோல் காப்பாளர் வேணும் எண்டு கிளோடியோ பிறாவோவைக் கொண்டுவந்தார். பிறாவோ அந்த வருசம் கண்டபடி கோல் வாங்கினார், எல்லாரும் சிரிச்சினம். குவார்டியோலா ஆளை மாத்தினார், எடெர்சன் வந்தார். ஆனால் எண்ணத்தை மாத்தேல்லை. அடுத்த பருவத்தில சிற்றி 100 புள்ளி எடுத்தது. பத்து வருசம் கூட ஆகேல்லை, இண்டைக்கு எங்கட ஊர் பன்னிரண்டு வயதுக் கோலி கூடப் பந்தைக் காலால நிப்பாட்டிப் பார்க்கிறான், சேர் காணாத நேரம். காசு இருந்தவர் செய்ததை எங்களோட ஒப்பிடக்கூடாது எண்டு சொல்லுவீங்கள். சரி. காசு இல்லாத இடத்துக்குப் போவம்.

எங்கட எதிரணி நண்பன் (அந்த முகத்தைத் திருப்பினவன்) எப்பவும் தூக்கிப் போடுற துருப்பு மொரோக்கோ. 2022 கட்டார் உலகக் கிண்ணத்தில அரையிறுதி வரைக்கும் போன அணி. 26 பேரில 14 பேர் மொரோக்கோவுக்கு வெளியில பிறந்தவை. பயிற்றுநர் வாலித் றெக்றாகியே பிரான்சில பிறந்தவர். பின்னால அடுக்கி நிண்டு, வேகமாக எதிர்த்தாக்கி, பெல்ஜியத்தை வெண்டு, ஸ்பெயின், போர்த்துக்கல் ரெண்டையும் வெளியேற்றிய அணி. "அல்முதைரி செய்யிறது அதுதானே? மொரோக்கோ செய்தால் கைதட்டுறியள், நாங்கள் செய்தால் அழுறியள்" எண்டான்.

மச்சான், அந்த அணியை இன்னொருக்கா வடிவாப் பார். நடுவில சொஃப்யான் அம்றபாத், அவன் நெதர்லாந்தில பிறந்தவன், சரி. அவனுக்குப் பக்கத்தில எட்டாம் நம்பர் போட்டுக்கொண்டு நிண்டவன் யார்? அஸெடின் உனாஹி. கசபிளாங்காவில பிறந்தவன். ஸ்பெயினைத் தோக்கடிச்ச ஆட்டத்துக்குப் பிறகு ஸ்பெயின் பயிற்றுநர் லூயிஸ் என்றிக்கே, இந்த எட்டாம் நம்பர்க்காரன் எங்கயிருந்து வந்தவன் எண்டு வியந்து கதைச்சார். அவன் வந்தது முகம்மது ஆறு அக்கடமியில இருந்து. 2009இல் மொரோக்கோவிலயே திறந்த அக்கடமி. போர்த்துக்கலுக்கு எதிராக எழும்பி நிண்டு தலையால கோல் அடிச்ச என்-நெசிரியும் அதே அக்கடமி. தடுப்பில நிண்ட அகேர்டும் அதே அக்கடமி. அவை புலம்பெயர்ந்த பிள்ளையளையும் கூப்பிட்டவை, இருந்த பிள்ளையளுக்கும் பந்தை நடுவில வைச்சு விளையாடப் பதின்மூண்டு வருசம் குடுத்தவை. நீ அதில பாதியை மட்டும் சொல்லுறாய்.

2009 எண்ட வருசத்தை எழுதேக்க எங்களுக்குக் கை நிண்டது. அந்த வருசம் கசபிளாங்காப் பெடியன் ஒருத்தனுக்கு ஒன்பது வயது, அவன்ர நாட்டில ஒரு அக்கடமி திறந்தது. எங்களுக்கு ஐஞ்சு, ஆறு வயது. நாங்கள் செட்டிகுளத்தில மனிக்பாமில, சொப்பிங் பையைச் சுருட்டிக் கயிறு கட்டின பந்தை ரெண்டு கூடாரத்துக்கு நடுவில உதைச்சுக்கொண்டு நிண்டம். இடம் ஒடுக்கம். தூக்கி அடிச்சால் அடுத்தவன்ர அடுப்பில விழும், ஏச்சு விழும். அதால எல்லாரும் தரையோட தான் விளையாடினது. யோசிச்சுப் பார்த்தால், எங்கட வாழ்க்கையில நல்ல உதைபந்து விளையாடினது அந்த இடத்தில தான்.

இதை வாசிச்ச எங்கட குழுமத்துத் தோழி ஒருத்தி சொன்னதையும் போடத்தான் வேணும். "நீங்கள் நடுக்களம் கிடைக்கேல்லை எண்டு அழுறியள். எங்களுக்கு மைதானமே கிடைக்கேல்லை. பெடியள் விளையாடி முடிஞ்சு இருட்டின பிறகு தான் எங்களுக்கு." தெல்லிப்பழை மகாஜனாவின் பெட்டையள் தேசிய மட்டத்தில திரும்பத் திரும்பக் கிண்ணம் தூக்கினவை. அதுக்குக் காரணம் அங்க தொடர்ந்து பல வருசம் ஒரே வேலையைச் செய்த ஆக்கள் இருந்ததுதான் எண்டு அவள் சொல்லுறாள். வன்னியில அந்தத் தொடர்ச்சி எங்க? அவளுக்கு எங்களிட்டப் பதில் இல்லை. தனியா அவளே எழுதுவாள், எழுதினால் எங்களைத் தான் கிழிப்பாள்.

"எல்லாம் சரி, பயிற்றுநர் என்ன செய்யவேணும் எண்டுறியள்? தோக்கவோ?" ஓம். சில ஆட்டங்களில தோக்கச் சொல்லுறம். தகுதிகாண் ஆட்டத்தில வேண்டாம், அங்க புள்ளி முக்கியம், அங்க அடுக்கி நிண்டு வெளிநாட்டில வளர்ந்த தம்பிமாரிட்டப் பந்தைக் குடுக்கட்டும். ஆனால் சினேகபூர்வ ஆட்டங்கள் வருதே, அதுகளில உள்நாட்டு லீக்கில இருந்து ஒருத்தனை, ஒரே ஒருத்தனை, நடுவில நிப்பாட்டட்டும். கமெர்னெக்ற் மாதிரியானவன் அவனுக்குப் பக்கத்தில நிண்டு சொல்லிக் குடுக்கட்டும். பந்தை விட்டால் கோல் வரும். வரட்டும். அவனை வெளியில எடுக்காமல் அடுத்த ஆட்டத்திலயும் போடட்டும். அதை ஒரு தரம் தொலைக்காட்சியில கண்டால் எங்கட பி.டி. சேருக்கும் ஒரு துணிவு வரும்.

அதோட தெரிவு முகாம் எண்டால் கொழும்புக்கு வாங்கோ எண்டு சொல்லுறதை விட்டுட்டு, ஒரு தரமாவது ஏ9இல வடக்கால வரட்டும். மன்னாரில இருந்து டக்சன் பியூஸ்லஸ் தேசிய அணிக்குப் போனவர். மாலைதீவில கழகத்துக்கு விளையாடிக்கொண்டிருக்கேக்க 2022 பெப்ரவரியில இறந்துபோனார். மன்னார் எண்டால் தேர்தல் கணக்கில எங்கட வன்னி மாவட்டம் தான், எண்டபடியால் எங்கட ஆள் எண்டு சொந்தம் கொண்டாடுறம். அந்த ஒரு பேரைச் சொல்லித்தான் எங்கட ஊர்ப் பயிற்றுநர்மார் இண்டைக்கும் பெடியளுக்குக் கதை சொல்லினம். 2018இல் வடக்கு கிழக்கு பிரீமியர் லீக் நடக்கேக்க முல்லைத்தீவின்ர, வவுனியாவின்ர பேரோட அணி இறங்கினது. துரையப்பா அரங்கில வெளிச்சத்தில எங்கட ஊர் பெடியளைப் பார்க்க லொறி பிடிச்சுக்கொண்டு போன சனம் இருக்கு. அந்தக் காலத்தில யாராவது ஒரு தெரிவாளர் ஒரு கொப்பியோட வந்து குந்தியிருந்து நடுவில நிண்டவனின்ர பேரை எழுதினதா நாங்கள் கேள்விப்படேல்லை.

அல்முதைரிக்குத் தமிழ் தெரியாது, இதை வாசிக்க மாட்டார். அவரோட வேலை செய்யிற யாராவது வாசிச்சால் ஒரு அழைப்பு. ஆவணி முடியும் மட்டும் சோளகம் இருக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் நாலரைக்குக் கிளிநொச்சிப் பக்கம் எந்த மைதானத்துக்கும் வாங்கோ, எங்க ஆட்டம் எண்டு ரீக்கடையில கேட்டால் சொல்லுவினம். முதல் பாதியைப் பார்க்க வேண்டாம், அது காத்தின்ர ஆட்டம். ரெண்டாம் பாதியில காத்துக்கு எதிரா விளையாடுற பக்கத்தில நில்லுங்கோ. பந்தைத் தூக்கி அடிக்கேலாது, அடிச்சால் திரும்பி வரும். அப்ப யாராவது ஒருத்தன் நடுவில வந்து கையை விரிச்சு, "இஞ்ச, காலுக்குத் தா" எண்டு கத்துவான். கரையில நிற்கிற நாங்கள் எல்லாரும் "அடியடா, தூக்கி அடியடா" எண்டு கத்துவம். எங்களைப் பார்க்காதேங்கோ. அவனைப் பாருங்கோ.